கலங்காமைச் சட்டம்

"தெம்பாபுரி நாட்டின் குடிமக்கள், குடியேறியவர்கள், குடித்திருப்பவர்கள், இன்னும் பிறக்காதவர்கள் ஆகிய அனைவரின் மேலான கவனத்திற்கும்: இன்று சூரியன் உதித்த நாழிகை முதல் நாட்டில் கவலை என்பது இல்லை. கைவசம் கவலை வைத்திருப்போர் மூன்று நாட்களுக்குள் அருகிலுள்ள சாவடியில் அதை ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு யாரிடமாவது கவலை கண்டெடுக்கப்பட்டால், அது அவருடைய சொந்தக் கவலையாகவே கருதப்படும்."

நாற்சந்திகளில் இது முரசறைந்து வாசிக்கப்பட்டபோது ஐந்தாவது நாளாக மழை பெய்துகொண்டிருந்தது. தோல் நனைந்த முரசு 'தொம்' என்பதற்குப் பதிலாக 'சொத்' என்றது. வாசித்தவருக்குப் பல் தந்தியடித்தது. அது குளிரால் என்று பின்குறிப்பு சேர்க்கப்பட்டது.

இப்படியொரு அறிவிப்புக்கு வந்த அவசியத்தைச் சொல்ல வேண்டுமானால் ஏரியிலிருந்து தொடங்க வேண்டும்.

தெம்பாபுரிக்கு ஒரே ஒரு பெரிய ஏரி. நாட்டின் சோறு, குளியல், பெருமை மூன்றும் அதிலிருந்துதான் வந்தன. ஏரிக்கரைக்குக் கீழே, கரையை அண்ணாந்து பார்த்தபடி கீழ்த்தெரு இருந்தது. அங்கே நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாழ்ந்தார்கள். அரண்மனையிலிருந்து சாவி வாங்கி மதகுகளைத் திறந்து மூடவும், கரையில் நண்டு வளை, எலி வளை விழுந்தால் பார்த்து அடைக்கவும் ஒரு மடைக்காரக் குடும்பம் உண்டு. புருஷன் போன பிறகு அந்த வேலையைப் பார்த்துவந்தவள் அங்காயி. நாற்பது வயது. குடிசை கரைமேலேயே. ஒரே தங்கை சிலம்பாயி, நிறைமாதமாகக் கீழ்த்தெருவில் இருந்தாள்.

அந்த நாட்டில் யாரும் சீழ்க்கை அடிப்பதில்லை. பிள்ளைகள் வாயில் இரண்டு விரலை வைத்தால் தாய்மார்கள் முதுகில் ஒன்று வைப்பார்கள். கேட்டால் பாம்பு வரும் என்பார்கள். உண்மையில் பாம்பு அல்ல, தண்ணீர். கரை போகப்போகிறது என்றால் மடைக்காரர் மூன்று நீளச் சீழ்க்கை அடிப்பார். அதைக் கேட்டதும் கீழ்த்தெரு முழுக்க, கொதிக்கிற உலையைக்கூட இறக்கிவைக்காமல், கிழக்கே இருக்கும் யானைப்பாறை மேட்டுக்கு ஓட வேண்டும். மூன்று தலைமுறையில் இரண்டு முறை அந்தச் சீழ்க்கை கேட்டிருக்கிறது. இரண்டு முறையும் சேர்த்து ஒரு கோழி மட்டும் செத்தது.

ஐப்பசி மூன்றாம் வாரம் அங்காயி ஒரு செம்போடு அரசவைக்கு வந்தாள்.

சிம்மாசனத்தில் மன்னர் திடவர்மர் இருந்தார். அவருடைய மீசையின் இரு நுனிகளும் காதைத் தொட்டன. மற்றபடி சராசரியான மனிதர். 'கலங்காத் திடவர்மர்' என்பது அவருக்கு அவரே கொடுத்துப் பிறர் வழங்கிய பட்டம். பக்கத்தில் தலைமை அமைச்சர் மதியூகியார் நின்றார்.

"சாமி, நடு மதகுக்குப் பக்கத்துல கரையில தண்ணி கசியுதுங்க" என்றாள் அங்காயி. "போன வாரம் வரைக்கும் தெளிவா வந்துச்சு. எந்தக் கரைன்னாலும் கொஞ்சம் கசியும், சரின்னு விட்டேன். நேத்துலேருந்து கலங்கி வருதுங்க."

"என்ன வருகிறது?" என்றார் மதியூகியார்.

"கலங்கி வருதுங்க."

"கலங்குவது யார்?"

"தண்ணிங்க."

அவையில் சிலர் மன்னரின் பட்டத்தை நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அங்காயி அதைக் கவனிக்கவில்லை. "தெளிஞ்சு வந்தா வெறும் தண்ணி. கலங்கி வந்தா கரையோட மண்ணும் சேந்து வருதுன்னு அர்த்தம். உள்ளுக்குள்ள கரைஞ்சுக்கிட்டிருக்கு. மதகைத் தொறந்து தண்ணிய எறக்கிட்டு, அம்பது ஆளு மண்ணு மூட்டையோட வந்தா ஒரு வாரத்துல அடச்சுப்புடலாம். விட்டா கார்த்திகை தாங்காதுங்க." சொல்லிவிட்டுச் செம்பைச் சாய்த்துக் காட்டினாள். உள்ளே செம்மண் குழம்பு.

மன்னர் எட்டிப் பார்த்தார். வாய் உலர்ந்தது. உதடுகள் தாமாகவே குவிந்தன. அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அந்த வழியாக வெளியேறியது. வெளியேறும்போது, யாரும் எதிர்பாராத விதமாக, அது ஒரு சீழ்க்கையாக வந்தது.

அவையில் சிலர் கிழக்கு வாசலைப் பார்த்தார்கள். மதியூகியார் மட்டும் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை.

"பார்த்தீர்களா" என்றார் அவையைப் பார்த்து. "ஏரி உடையும் என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். நம் மன்னரோ, நந்தவனத்தில் உலாவுகிறவர் போலச் சீழ்க்கை அடிக்கிறார். இந்த நெஞ்சுரம் எந்த நாட்டு மன்னருக்கு வாய்த்திருக்கிறது?"

தான் பயப்படவில்லை என்பது மன்னருக்கே அப்போதுதான் தெரியவந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு முறை அடித்துப் பார்த்தார். இந்த முறை காற்றுதான் அதிகம் வந்தது. ஆனாலும் அவை கைதட்டியது.

"இந்த மடைச்சி கலங்கினால் தண்ணீரும் கலங்க வேண்டுமா" என்றார் ஓர் அமைச்சர்.

"மடைச்சிதாங்க. மடை பாக்குறவ வேற என்னவா இருப்பா" என்றாள் அங்காயி. "தண்ணியத் தொறந்து விடுறீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க."

உண்மையை அறிய ஒரு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. குழுவினர் ஐவரும் குடை சகிதம் கரைக்குப் போய், கசிகிற தண்ணீரை ஒரு பானையில் பிடித்து வந்து, மேசைமீது வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஒரு தூக்கம். எழுந்து வந்து பார்த்தபோது மண் அடியில் தங்கி, மேலே தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. 'தண்ணீர் தெளிவாக உள்ளது' என்று அறிக்கை கொடுத்தார்கள். அடியில் இருந்ததைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அதற்கு மறுநாள்தான் முதலில் சொன்ன அந்த முரசு அறையப்பட்டது. தொடர்ந்து கலங்காமைச் சட்டம் வந்தது.

சட்டப்படி குடிமக்கள் கண் விழித்ததிலிருந்து கண் மூடும்வரை, வாய்க்கு வேறு வேலை இல்லாதபோதெல்லாம், சீழ்க்கை அடிக்க வேண்டும். பல் இல்லாதவர்களுக்கு அரசே ஊதல் வழங்கும். வீட்டில் மறுநாளைக்கு அரிசி வைத்திருப்பது மறுநாளைப் பற்றிய கவலை என்பதால், அத்தகைய அரிசி அரண்மனைக் களஞ்சியத்துக்குப் போகும். கவலையைச் சுமக்கும் பாரத்தை மன்னர் தாமே ஏற்றுக்கொள்கிறார். மண் மூட்டைக்கு 'அவநம்பிக்கை மூட்டை' என்று பெயர் சூட்டித் தடை செய்தார்கள். கரையில் விழுந்த விரிசலை இனி 'கரையின் புன்னகை' என்று அழைக்க வேண்டும். புன்னகை அப்போது ஒரு முழம் இருந்தது.

நாடு சட்டத்துக்குப் பழகியது. வைத்தியரிடம் போகிறவர்கள் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மருந்து கேட்கலாம். ஒன்றுமில்லாதவருக்கு மருந்து எதற்கு என்று வைத்தியர் கேட்டால் அதற்குப் பதில் சட்டத்தில் இல்லை. சாவு வீடுகளில் ஒப்பாரி நின்றது. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் சீழ்க்கை அடித்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு அடிக்கும் சீழ்க்கைக்கு ஒரு தனி நடுக்கம் உண்டு. அரண்மனை இசைவாணர்கள் அதை ஒரு புதிய ராகம் என்று அறிவித்தார்கள்.

சட்டத்தின் பதினொன்றாம் பிரிவு குறிப்பிடத்தக்கது. யாராவது தமக்குப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி ஓடினால், காதில் விழுந்தவர்கள் அத்தனை பேரும் துரத்திப் பிடிக்க வேண்டும். துரத்தாமல் நிற்பவர் உடன் பயந்தவராகக் கருதப்படுவார். முதுமை, நோய், கர்ப்பம் எதுவும் விலக்கு ஆகாது.

இவற்றோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் அரசு அலுவலகங்களில் எப்போதும் ஒருவர் கூடுதலாகப் படித்தவர் இருப்பார். சட்டத்திலிருந்து 'கலங்குதல், கலங்கல், கலக்கம் ஆகியவை நாட்டின் எல்லைக்குள் எங்கும் இருத்தலாகாது' என்ற வரியை எடுத்துக்கொண்டு, பழைய ஓலைகளை அவர் புரட்டினார். ஏரியின் தென்கோடியில் 'கலங்கல்' ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்.

ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து ஓடுவதற்குக் கரையில் விட்டிருக்கும் தாழ்ந்த கல்கட்டுக்குத்தான் கலங்கல் என்று பெயர். ஏரி கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயர்தான். இரண்டே நாளில் நூறு கொத்தனார்கள் வந்து அதைச் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்து அடைத்தார்கள். மழைக்காலத்தில் இவ்வளவு வேகமாக முடிந்த அரசு வேலை வேறொன்றில்லை.

அங்காயி மதியூகியாரின் பல்லக்கை மறித்தாள். "எசமான், கலங்கலை அடச்சா தண்ணி எங்க போகும்?"

"நாட்டில் கலங்கல் இருக்கலாமா? சட்டம் தெரியாதா உனக்கு?"

"அது பேருங்க."

"பெயரில் இருந்துதானே எல்லாம் தொடங்குகிறது."

"சரி, பேர மாத்திக்குங்க. அடைப்பத் தொறந்து விடுங்க. மதகுச் சாவியவாவது குடுங்க."

"மதகைத் திறந்தால், தண்ணீருக்குப் பயந்து வெளியேற்றுகிறோம் என்று அண்டை நாட்டான் சிரிப்பான்." மதியூகியார் திரையை இழுத்தார். பிறகு மறுபடி விலக்கி, குரலைத் தாழ்த்தி, இலக்கணத்தை விட்டுவிட்டு, "எத்தன நாளு தாங்கும்?" என்று கேட்டார். செந்தமிழ் இல்லாமல் அவர் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பத்து நாளு. மழ விட்டா பதினஞ்சு."

திரை மூடியது. உள்ளிருந்து சீழ்க்கை கேட்டது. மறுநாள் காலை மடைக்காரர் பதவி தேவையற்றது என்று ஒழிக்கப்பட்டது.

பதவி போனாலும் அங்காயி கரையை விட்டுப் போகவில்லை. பத்தாம் நாள், உச்சிப் பொழுது. மழை கொஞ்சம் அசந்திருந்தது. நடு மதகுக்குப் பக்கத்தில் கசிவு, மனிதத் தலை நுழையும் அளவுக்கு வாய் திறந்து சேறாகக் கக்கியது. அதற்கு நேர் மேலே கரை ஒரு முழம் உள்வாங்கி இறங்கியிருந்தது. இருட்டுவதற்குள் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வாயில் இரண்டு விரலை வைத்து மூன்று நீளச் சீழ்க்கை அடித்தாள்.

கீழ்த்தெரு பதிலுக்குச் சீழ்க்கை அடித்தது. வயலில் இருந்தவர்கள் அடித்தார்கள். சாவடியில் காவலர்கள் அடித்தார்கள். எங்கோ ஒரு கிழவர் ஊதலை எடுத்து ஊதினார். அங்காயி மறுபடியும் மூன்று அடித்தாள். நாடே இன்னும் உற்சாகமாக அடித்தது.

அவள் கரையிலிருந்து சறுக்கி இறங்கித் தெருவுக்கு ஓடினாள். கரையோர வீட்டு வாசலில் கால் முறிந்த வீரபத்திரன் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான்.

"இன்னிக்கு ஒன் சீழ்க்க பிரமாதம்க்கா" என்றான். "சாவடிக்காரன் கேட்டிருந்தா பரிசு குடுத்திருப்பான்."

"அட வெளங்காதவனே, அது நெசச் சீழ்க்கடா. கரை போவுது. எந்திரி."

"எந்திரிக்கிற காலா இது? மெதுவாப் பேசுக்கா. எதுத்த வீட்டு மருதாயி காதுல விழுந்தா சாவடிக்கு எழுதிக் குடுத்துருவா."

"நான் எதுக்கு எழுதிக் குடுக்கறேன்?" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. "நீ என்னய எழுதிக் குடுத்தியே, அதுக்கப்பறம்தான நான் ஒன்ன எழுதிக் குடுத்தேன்."

அங்காயி தங்கை வீட்டுக்குள் நுழைந்தாள். சிலம்பாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். கையைப் பிடித்து இழுத்தாள் அக்கா. அவள் வரவில்லை.

"எல்லாரும் போனா நானும் வர்றேன்க்கா. நான் மொதல்ல போனா கவலப்பட்டவன்னு எம் புருசன வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

"உசுரு போயிரும்டி."

"அது எனக்குந் தெரியும். ஆனா அத வெளிய சொல்லக் கூடாதில்ல."

வீடு வீடாகப் போனாள். எல்லோரும் இதையே சொன்னார்கள். அடுத்த வீடு கிளம்பினால் கிளம்பத் தயாராக நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். முதல் வீடு என்று ஒன்று அந்தத் தெருவில் இல்லை.

அங்காயி தெருமுனைத் துவைகல் மேல் போய் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. சாவடிக் காவலர் இருவர் அந்தப் பக்கமாக வந்தார்கள். "என்னா, வாய் சும்மா இருக்கு" என்றான் ஒருவன். அவள் கல்லின் மேல் ஏறி நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

ஒரு மாதமாக அந்த வாக்கியத்தை யாரும் கேட்டதில்லை. தெருவில் சீழ்க்கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"காதுல விழலியா? கொல நடுங்குது. ஒங்க மன்னரு மீச மேல சத்தியமா எனக்குப் பயமா இருக்கு. புடிக்கிறவங்க புடிங்க." சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிழக்கே ஓடினாள்.

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினொன்றாம் பிரிவு அவர்களுக்கு மனப்பாடம். ஓடினார்கள். அடுத்து மருதாயி வந்தாள். வாழ்க்கையில் அவள் அத்தனை வேகமாக ஓடியதில்லை. "தொரத்தலன்னா நாமளும் பயந்தவங்கதான், வாங்க, வாங்க" என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு வீடு, வயலுக்கு வயல் ஆட்கள் புறப்பட்டார்கள். கிழவர்கள் பேரன்களின் முதுகில் ஏறித் துரத்தினார்கள். வீரபத்திரனைக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கினார்கள். "விட்றாதீங்கடா, புடிங்கடா" என்று அவன் படுத்தபடியே சட்டத்தை நிறைவேற்றினான். பின்னால் ஒரு மாட்டு வண்டியில் சிலம்பாயி வந்தாள். "நில்லுக்கா" என்றாள், வலிக்கும் வயிற்றைப் பிடித்தபடி. "சட்டப்படி ஒன்ன நான் புடிச்சாகணும்."

"மேல வந்து புடிடி" என்றாள் அங்காயி, திரும்பிப் பார்க்காமல்.

யானைப்பாறை மேட்டின் உச்சிக்கு முதலில் ஏறியவள் அவள்தான் என்று சொல்ல முடியாது. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.

பன்னிரண்டு கூடாரங்கள். அரண்மனைக் கட்டில்கள், ஊஞ்சல், பட்டத்துப் பசு, இரும்புப் பூட்டுப் போட்ட பதினாறு பெட்டிகள், மறுநாளைக்கும் அதற்கு மறுநாளைக்குமான அரிசி மூட்டைகள். அமைச்சர்களின் மனைவிமார், மதியூகியாரின் மாமியார். நடுவில், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கலங்காத் திடவர்மர் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தார்.

துரத்தி வந்த கூட்டம் நின்றது. காவலர்கள் அங்காயியைப் பிடிக்க மறந்தார்கள்.

"வனபோஜனம்" என்றார் மதியூகியார்.

"எத்தன நாளாங்க?" என்று கட்டிலில் இருந்தபடி கேட்டான் வீரபத்திரன்.

"ஒன்பது நாளாக."

"கொட்டுற மழையிலயாங்க?"

"வெயிலில் யார் வேண்டுமானாலும் செய்வான்" என்றார் மதியூகியார். "மழையில் செய்வதுதான் அஞ்சாமை."

அப்போது மேற்கே, ஒரு பெரிய மிருகம் பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம். நடு மதகு இருந்த இடம் சரிந்தது. ஏரி எழுந்து நடந்து வந்தது. கீழ்த்தெருவின் கூரைகள் கொஞ்ச தூரம் அதனோடு சேர்ந்து போய், பிறகு ஒவ்வொன்றாக அமிழ்ந்தன. எல்லாம் ஒருவர் வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்தான். மன்னரின் உதடுகள் குவிந்திருந்தன, சத்தம் வரவில்லை.

மதியூகியார் தொண்டையைக் கனைத்தார். "குடிமக்களே, நீங்கள் அனைவரும் பத்திரமாக இருக்கிறீர்கள். காரணம் என்ன? கலங்காமைச் சட்டத்தின் பதினொன்றாம் பிரிவு. நாட்டில் இதுவரை இயற்றப்பட்டவற்றில் இதுபோல் உயிர் காத்த சட்டம் வேறில்லை." கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டிருந்த மருதாயி முதலில் வாயைக் குவித்தாள். அப்புறம் மற்றவர்கள்.

காவலர்களுக்கு நினைவு வந்து அங்காயியின் கையைக் கட்டினார்கள்.

மார்கழியில் வழக்கு நடந்தது. ஏரியில் தண்ணீர் இல்லாததால் அந்த ஆண்டு விவசாயம் இல்லை. ஆகவே மக்களுக்கு வழக்கைப் பார்க்க நேரம் இருந்தது. கரை உடைந்ததற்குக் காரணம், ஒருத்தியின் பயம் மண்ணில் பரவி அதன் உறுதியைக் குலைத்ததே என்று வல்லுநர் குழு அறிக்கை தந்தது. அவள் கலங்கினாள் என்பது நிரூபணமானால் ஆயுள் சிறை.

"ஆமாங்க, பயந்தேன்" என்றாள் அங்காயி. "அதுக்கு எதுக்கு இத்தன பேச்சு?"

நீதிபதி யோசித்தார். பயந்தவளின் வாக்குமூலம் பயத்தினால் கொடுக்கப்பட்டதாக இருக்கலாம்; எனவே அது செல்லாது, நேரில் கண்ட சாட்சிகள் வேண்டும் என்றார்.

சாட்சிகள் வந்தார்கள். வீரபத்திரன் கோல் ஊன்றி வந்தான். மருதாயி வந்தாள். சிலம்பாயி கைக்குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுக் கூண்டில் ஏறினாள். அக்காவின் பக்கம் பார்க்கவில்லை. அங்காயி பயந்ததைத் தங்கள் காதால் கேட்டதாகவும், அவள் ஓடியதைக் கண்ணால் கண்டதாகவும், தாங்கள் பின்னாலேயே ஓடியதாகவும் ஒவ்வொருவராகச் சத்தியம் செய்து சொன்னார்கள். விசாரணை நான்கு நாள் நடந்தது.

கீழ்த்தெருவிலிருந்து மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை.